டியூடர் வீட்டின் கறுப்பும் சந்திரகிரியின் சுண்ணமும்

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் சிறிது தொலைவு சென்றதுமே சந்திரகிரிக் கோட்டை தோன்றும். அதனை இருக்கையாகக் கொண்டிருந்த சாளுவ நரசிம்மர் விசயநகர அரியணையைக் கைக்கொண்டது 1485-ஆம் ஆண்டில் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிபு. அதே 1485-இல்தான் பாஸ்வொர்த் போரில் வென்ற ஏழாம் ஹென்றி, இங்கிலாந்தில் டியூடர் அரசமரபைத் தொடங்கினார். இரு நிகழ்ச்சிகளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆண்டு மட்டுமே ஒன்று. எனினும், வீட்டின் புறச்சுவருக்கு எந்நிறம் பூசுவது என்று எண்ணும்போது, அவ்விரு நாட்டுக் கட்டடங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது.

டியூடர் பாணி வீடு என்றவுடன் நம் கண்முன் வருவது யாது? வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கருங்கோடுகள் இட்ட வீடு. சிம்லாவில் ஆளுநர் மாளிகையாக விளங்கும் பார்ன்ஸ் கோர்ட் இப்பாணியைத் தழுவியது. 1972-இல் இந்தியாவும் பாகிஸ்தானும் உடன்படிக்கை செய்துகொண்ட இடம் அது. ஆங்கிலேயர் மலைவாசத்தலங்களில் தம் ஊர் நினைவாக எழுப்பிய வீடுகள் சிலவும் இத்தகையனவே. ஆனால் அந்தக் கறுப்பு, டியூடர் காலத்துக் கறுப்பு அன்று! ஓக் மரச்சட்டங்களை நிறுத்தி, இடைவெளிகளைக் கழிகளால் பின்னி, மண்ணும் சுண்ணமும் பூசுவது அக்காலத்தார் வழக்கம். மரத்தைப் பெரும்பாலும் வெறுமனே விட்டனர். அது வெயிலிலும் மழையிலும் அடிபட்டு வெள்ளி போன்ற சாம்பல் நிறம் கொண்டது. சில இடங்களில் சுவரோடு சேர்த்து மரத்திற்கும் சுண்ணாம்பே அடித்தனர். செஷயர் வட்டாரத்தில் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழத் தொடங்கிய லிட்டில் மோர்ட்டன் ஹால் என்னும் மாளிகை இன்று கறுப்பும் வெள்ளையுமாகக் காட்சி தருகிறது. அதன் மரங்கள் முதலில் இயல்பாக விடப்பட்டிருந்தன என்றும், சுவர்ப்பகுதிகள் மஞ்சட்காவி நிறம் பெற்றிருந்தன என்றும், கறுப்பு விக்டோரியா காலத்தில் வந்தது என்றும் கருதுகின்றனர். பழமை என்று நாம் போற்றுவது பல வேளைகளில் நம் பாட்டனார் காலத்து மோஸ்தராகவே இருந்துவிடுகிறது.

இனிச் சந்திரகிரிக்கு வருவோம். அங்குள்ள இராஜமகால் மூன்று அடுக்குக் கட்டடம். கல், செங்கல், சுண்ணச்சாந்து ஆகியவற்றாலேயே எழுந்தது, மரம் பயன்படுத்தப்படவில்லை. ஆங்கில வீட்டின் அழகு மரத்தைப் பொறுத்தது என்றால், இதன் அழகு முற்றிலும் சுண்ணத்தைப் பொறுத்தது. நம் பக்கத்துக் கொத்தர்கள் சுண்ணாம்பை நீற்றி, நாட்கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துப் பூசினார்கள். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று, மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகிறது. வீட்டுச் சுவரில் இவ்வளவு பெரிய இரசாயனம் ஓசையின்றி நடைபெறுவதை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

நிறத்தின் இரகசியமும் இதில்தான் அடங்கியிருக்கிறது. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காமல் பல சாயங்கள் வெளுத்துப்போகும். மண்ணிலிருந்து எடுத்த காவியும் மஞ்சட்காவியும் நிலைத்து நிற்கும். கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் மாறி மாறி வருவதற்குச் சமயப் பொருள் இருக்கலாம். அவ்விரண்டும் சுண்ணச்சுவரில் நெடுநாள் நிற்கக்கூடியவை என்பதும் உண்மை. திண்ணையின் அடிப்பகுதிக்குக் காவி பூசினால், மழை தெறித்த சேறும் அத்தனை தெரியாது. வெள்ளையடிக்கும்போது சிறிது நீலம் கலப்பதும் மஞ்சள் சாயலை மறைக்கும் உபாயமே. தெருவிலுள்ள வீடுகள் ஒன்றோடொன்று இயைந்திருந்ததற்கு யாரும் கூடிப் பேசித் தீர்மானம் செய்யவில்லை. கிடைத்த மண் அப்படி.

இன்று கடைக்காரர் நிற அட்டையை விரிக்கிறார். ஆயிரம் நிறங்கள்! புதிய சிமெண்டு வீட்டுக்கு அவற்றில் எதையேனும் தேர்ந்துகொள்வதில் பெரும் பிழை நேராது. ஆனால், சித்தூர்ப் பக்கத்திலோ தமிழ்நாட்டுச் சிற்றூரிலோ சுண்ணச்சாந்தால் கட்டிய பூர்விக வீடு உடையவர்கள், ஊர்விட்டு ஊர் வாழும் நிலையில், தொலைவிலிருந்தே ஆள் வைத்துப் பூசச்சொல்லும்போது சற்று நிதானிக்க வேண்டும். பழஞ்சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை இழுத்துக் காற்றில் விடும் இயல்புடையது. அதன்மேல் பிளாஸ்டிக் வர்ணத்தைப் படலமாகப் போர்த்தினால், ஈரம் உள்ளேயே தங்கும். சில மழைக்காலத்திற்குள் வர்ணம் கொப்புளித்து, உரியும்போது சாந்தையும் உடன் பெயர்த்துக்கொண்டு வரும். அப்போது இழப்பது நிறம் மட்டுமன்று.

வேலை தொடங்குமுன், இறவாணத்தின் கீழே மழை படாத மூலையில் ஒரு விரலகலம் கத்தியால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரியும். அடியடுக்கில் காண்பது வீடு கட்டியவர் பூசிய நிறமாக இருத்தல் கூடும். அதற்கிசையக் காவி கலந்த சுண்ணாம்பை ஒரு முழச் சுவரில் பூசுங்கள். ஈரத்தில் அது அடர்ந்து தெரியும். நன்றாக உலர்ந்தபின் வெகுவாக வெளுக்கும். ஆகையால், பூசிய அன்று மாலையே பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் நீர் ஊற்றச் சொல்லாதீர்கள்.