கிடுகுக் கூரையின் கீழ் பிறந்த பிள்ளைகள்



ஒக்டோபர் மாதம் பிறந்தால் எங்கள் வீடுகளில் ஒரே கதைதான். 1990ஆம் ஆண்டு அந்த மாதத்தில்தான் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்து மக்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்டது. மன்னார்த் தீவிலிருந்து பலர் தோணிகளில் கற்பிட்டிக்கு வந்திறங்கினார்கள். யாழ்ப்பாணத்தார் வவுனியா வரை வந்து, பிறகு புத்தளம், அநுராதபுரம் என்று சிதறினார்கள். இதெல்லாம் அறிக்கைகளிலும் புத்தகங்களிலும் இருக்கிறது.

அறிக்கைகளில் வராத ஒன்று இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பெண்கள் வயிற்றில் பிள்ளையோடு வந்தார்கள். எங்கள் உம்மாவும் ஒருத்தி. அப்போது அவவுக்கு ஏழு மாதம். மாரி மழை. சோனகத் தெருவில் வீட்டைப் பூட்டிச் சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தா. இரண்டு கிழமையில் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பு. நானா புத்தளத்தில், முகாமில் பிறந்தார்.

புத்தளத்து மக்கள் முதல் நாளிலிருந்தே சோறு சமைத்துக் கொடுத்தார்கள், பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். பிற்காலத்தில் காணிக்கும் தொழிலுக்கும் மனத்தாங்கல்கள் வந்தது உண்மைதான். ஆனால் அந்த முதல் சோற்றை மறந்து பேச எங்களுக்கு வாய் வராது.

முகாம் வாழ்க்கையில் கிணற்றடி வரிசைதான் உம்மாமாரின் பெரிய வேலை. யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்த வாப்பா கற்பிட்டி வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போனார். நிவாரணச் சாமான் பிந்தினால் அந்தக் கிழமை கடன். நானாவுக்கு ஏழாம் நாள் அகீகா கொடுக்க ஆட்டுக்குக் காசு எங்கே? உம்மா தலைமுடி மட்டும் இறக்கி, பக்கத்துக் குடிசைகளுக்குச் சீனி போட்ட பிளேன்டீ கொடுத்தா. சீனி அப்போது சின்ன விஷயம் இல்லை.

"அழயில்லையா உம்மா?" என்று கேட்டோம். "அழாம? தண்ணி அள்ளுற நேரம் அழுவன். புள்ள முழிச்சா சிரிப்பன்" என்றா.

ஸபர் என்றால் கண்ணீர் வராமல் உட்கார்ந்திருப்பது என்று சிலர் பேசுகிறார்கள். ஹாஜர் அலைஹஸ்ஸலாம் உட்கார்ந்திருக்கவில்லையே! அல்லாஹ் கைவிடமாட்டான் என்ற உறுதியோடுதான் பிள்ளைக்குத் தண்ணீர் தேடி ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் ஓடினார்கள். எங்கள் உம்மாமார் குடத்தோடு நின்ற வரிசையையும் நாங்கள் அப்படித்தான் பார்க்கிறோம்.

காலை நேரத்தில் ஊர்ப் பிள்ளைகள் படித்த அதே கட்டிடத்தில் பின்னேரம் எங்களுக்குப் பாடம். மஃரிபுக்குப் பிறகு ஒரு ஹஸரத் கிடுகுக் கொட்டிலில் குர்ஆன் ஓதித் தந்தார். மழை பெய்தால் குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒழுக்கில்லாத மூலைக்கு நகருவோம். முதல் முறை குர்ஆன் முடித்த பிள்ளையின் வீட்டில் அன்று எப்படியாவது ஒரு இனிப்பு இருக்கும். ஊருக்குப் போனபிறகு சந்தோஷப்படலாம் என்று எங்கள் பெற்றோர் ஒத்திவைத்திருந்தால் எங்கள் பிள்ளைப்பருவமே ஒத்திவைக்கப்பட்டிருக்கும்.

2002 சமாதான காலத்தில் சிலர் போய்ப் பார்த்து வந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்தது. வாப்பா போனபோது வீட்டில் கூரையும் இல்லை, கதவும் இல்லை. சாவிக்குப் பூட்டில்லை. திரும்பி வந்து அவர் முதலில் செய்த வேலை, பிள்ளைகள் மூவருக்கும் சேர்த்து அகீகா கொடுத்ததுதான். நானாவுக்கு அப்போது மீசை முளைத்திருந்தது! முகாமில் அன்று பிளேன்டீ குடித்தவர்களில் உயிரோடு இருந்த எல்லோருக்கும் இறைச்சி போனது.

இப்போது நாங்களும் பெற்றோர். எங்கள் மகள் போன மாதம் "நம்மட ஊர் எது?" என்று கேட்டாள். எங்கள் பிறப்புச் சான்றிதழில் புத்தளம், வாப்பாவுடையதில் யாழ்ப்பாணம். பாடசாலையில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லும் எங்களுக்கு இதற்கு உடனே பதில் வரவில்லை. அவளை உம்மம்மாவிடம் அனுப்பினோம்.

அவவிடம் ஆண்டுக் கணக்கு இல்லை. "பெரியவன் வந்த மாரியில, ரெண்டாவது மூணாந்தரம் கிடுகு மாத்தின வருஷம், சின்னவன் கூரைக்குத் தகரம் போட்ட பொறகு" என்று விரல் மடித்துச் சொன்னா. நாங்கள் பக்கத்திலிருந்து கொப்பியில் எழுதிக்கொண்டோம். மூணாந்தரம் கிடுகு மாத்தின வருஷம் 1993.