உடைந்த பீங்கானுக்கும் ஒரு வக்பு

கி.பி. 1326ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 726இன் நோன்பு மாதத்தில், மொரோக்கோவின் தன்ஜா நகரைச் சேர்ந்த ஓர் இளைஞர் டமஸ்கஸுக்கு வந்து சேர்ந்தார். ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் வந்தவர். அப்போது அவருக்கு வயது 22. இப்னு பதூதா என்ற அந்தப் பெயர் எங்களுக்குப் புதியதல்ல. 1344இல் புத்தளத்தில் வந்திறங்கி, பாவாத மலைக்கு ஏறி, கொழும்பையும் காலியையும் பார்த்துவிட்டுப் போனவர்தான் அவர். அவர் இலங்கையைப் பற்றி எழுதியதை எங்கட கட்டுரைகளில் பலமுறை படித்திருக்கிறோம். டமஸ்கஸைப் பற்றி எழுதியதில் ஒரு பகுதியை அந்த அளவுக்கு நாம் கவனித்ததில்லை.

அந்த ஊரின் வக்புகளை எண்ணி முடியாது என்கிறார் அவர். ஹஜ்ஜுக்குப் போக இயலாதவர்களின் சார்பில் போகிறவருக்குச் செலவு கொடுக்க ஒரு வக்பு. வசதியில்லாத வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கலியாணம் முடித்துக் கொடுக்க ஒரு வக்பு. கைதிகளை மீட்க ஒன்று. வழிப்போக்கருக்குச் சாப்பாடும் உடுப்பும் ஊர் போய்ச் சேரும் செலவும் கொடுக்க ஒன்று. தெருக்களுக்குக் கல் பதித்துப் பராமரிக்கவும் ஒன்று.

அதன் பிறகு தான் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஒரு சந்தில் நடந்து போகும்போது, சின்ன வேலைக்காரப் பையன் ஒருவனின் கையிலிருந்து சீனப் பீங்கான் விழுந்து உடைந்துவிட்டது. சனம் கூடிவிட்டது. அதில் ஒருவர், ‘துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திர வக்பின் பொறுப்பாளரிடம் போ’ என்கிற மாதிரி அவனுக்கு வழி சொன்னார். பையன் போனான். பொறுப்பாளர் உடைந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி இன்னொன்றை வாங்கும் காசைக் கொடுத்தார். எசமானின் அடியிலிருந்தும் ஏச்சிலிருந்தும் பையன் தப்பினான். மனமுடைந்தவர்களைத் தேற்றும் வக்பு இது என்று இப்னு பதூதா மெச்சுகிறார்.

சுகாதாரம், கல்வி, கலை, குடும்ப நலன் என்று இன்று நாம் ‘சமூக நலத் திட்டங்கள்’ என்ற தலைப்பில் பேசுவதெல்லாம் முஸ்லிம் நகரங்களில் ஒரு காலத்தில் வக்பு என்ற ஒரே ஏற்பாட்டின் கீழ் நடந்தன. அது எப்படி நடந்தது, எங்கே சறுக்கியது, எங்கட நாட்டில் அதில் எது மிச்சம் என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலைப் பிடித்து வைத்தல்

கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல காணியை என்ன செய்வதென்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, முதலை அப்படியே நிறுத்தி வைத்து அதன் விளைச்சலைத் தர்மமாகக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. அந்தக் காணியை விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுகளுக்குப் பிரிக்கக் கூடாது. ஏழைகள், உறவினர், அடிமைகள், வழிப்போக்கர், விருந்தினர் என்று யாருக்குப் போக வேண்டும் என்பதும் சொல்லப்பட்டது. அதைப் பராமரிப்பவர் நியாயமான அளவுக்கு அதிலிருந்து சாப்பிடலாம் என்பதும் அதில் உண்டு.

பின்னால் வந்த சட்ட அறிஞர்கள் கட்டியெழுப்பிய வக்புச் சட்டத்தின் வித்து இவ்வளவுதான். வருமானம் தரும் ஒரு சொத்து, அதன் பயன் போக வேண்டிய இடம், அதைப் பார்த்துக்கொள்ளும் ஒரு முதவல்லி. இம்மூன்றையும் சாட்சிகளோடு எழுதிய பத்திரத்துக்கு வக்பிய்யா என்று பெயர். அவருக்கு மேல் காழி. வருமானத்தில் முதற் செலவு சொத்தைத் திருத்திப் பராமரிப்பது என்பது பொதுவான விதி. கூரை ஒழுகும் கடையிலிருந்து வாடகை வராது என்பது அந்தக் காலத்து ஃபகீஹ்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

நோயாளிக்கு விசிறி

டமஸ்கஸில் நூருத்தீன் ஸன்கி 1154இல் கட்டிய ஆஸ்பத்திரியை, முப்பது வருடம் கழித்து அங்கு வந்த இப்னு ஜுபைர் பார்த்து எழுதியிருக்கிறார். நோயாளர்களின் பெயரையும் ஒவ்வொருவருக்கும் வேண்டிய மருந்து, உணவுச் செலவையும் பதிவேட்டில் எழுதுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். வைத்தியர்கள் காலையில் வந்து ஒவ்வொருவராகப் பார்த்து, மருந்தும் சாப்பாடும் தயாரிக்கச் சொல்வார்கள்.

கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-85இல் கட்டிய மன்ஸூரி ஆஸ்பத்திரிக்கு இதுவே முன்மாதிரி. கலாவூன் சுல்தானாவதற்கு முன் டமஸ்கஸில் சுகவீனமுற்றார். அப்போது நூரி ஆஸ்பத்திரியின் மருந்தால் குணமடைந்து, தனக்கு ஆட்சி கிடைத்தால் இப்படி ஒன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார். ஒரே வளாகத்தில் ஆஸ்பத்திரி, மத்ரஸா, மன்னரின் அடக்கத்தலம் மூன்றும் அமைந்தன. காய்ச்சல்காரருக்கு ஓர் இடம், கண் நோய்க்கு ஓர் இடம், சத்திரசிகிச்சைக்கு ஓர் இடம், பெண்களுக்கு வேறாக என்று பிரித்திருந்தார்கள்.

அதன் வக்புப் பத்திரத்தைப் படித்தால், எழுதியவர்கள் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று யோசித்தது விளங்கும். ஆண், பெண், பணக்காரர், ஏழை, உள்ளூரார், வெளியூரார் எல்லாருக்கும் சிகிச்சை. ஒவ்வொருவருக்கும் தனிப் பாத்திரத்தில் சாப்பாடு. வெயில் காலத்தில் ஓலை விசிறி. வீட்டில் படுத்திருக்கும் ஏழை நோயாளிக்கு மருந்து வீடு தேடிப் போகும். மௌத்தானவரைக் குளிப்பாட்டி, கபனிட்டு அடக்கும் செலவும் வக்பிலிருந்தே. ‘நோயாளிகளுக்கு உதவ வேண்டும்’ என்று ஒரு வரியோடு முடித்திருந்தால் விசிறிக்கு யார் காசு கொடுத்திருப்பார்? அந்த வளவில் இன்றும் ஒரு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது.

தண்ணீரும் எழுத்தும், இசையும் பூவும்

கெய்ரோ தெருக்களில் ‘ஸபீல் குத்தாப்’ என்ற கட்டடங்களை இன்றும் காணலாம். கீழ்த்தட்டில் வழிப்போக்கருக்குத் தண்ணீர்; மேல்தட்டில் பிள்ளைகளுக்கு, விசேடமாக எத்தீம்களுக்கு, எழுத்தும் குர்ஆனும். அப்துர் ரஹ்மான் கத்குதா 1744இல் கட்டியது அவற்றில் பேர்போனது. இத்தகைய வக்புகளில் எத்தீம் பிள்ளைகளுக்கு உடுப்பும் படியும் கொடுக்கப்பட்டன. பசியோடு வரும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை அவர்கள் கணக்கில் எடுத்திருந்தார்கள்.

துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1484இல் தொடங்கி 1488இல் முடித்த வளாகத்தில் பள்ளிவாசல், மருத்துவ மத்ரஸா, ஆஸ்பத்திரி, சமையற்கூடம் எல்லாம் ஒன்றாக இருந்தன. உஸ்மானியர் இப்படிப்பட்ட வளாகத்தை ‘குல்லிய்யா’ என்றார்கள். 17ஆம் நூற்றாண்டில் அங்கு போன பயணி எவ்லியா செலபி, மனநோயாளருக்காகப் பாடகரும் வாத்தியக்காரருமாகப் பத்துப் பேர் நியமிக்கப்பட்டு, வாரத்தில் மூன்று நாள் இசைத்தார்கள் என்று எழுதுகிறார். வசந்த காலத்தில் மணமுள்ள பூக்களும் நோயாளருக்குக் கொடுக்கப்பட்டன என்கிறார். இசை கூடுமா, கூடாதா என்ற வாதத்தை இங்கே எடுக்கவில்லை. மனம் குழம்பியவரைச் சங்கிலியில் போட்டுவிட்டுப் போகாமல், அவரைத் தேற்ற என்ன வழியுண்டு என்று தேடி, அதற்கு வருமானத்தையும் ஒதுக்கியதுதான் கவனிக்க வேண்டிய விசயம்.

பெண்களும் சாதாரண சனமும்

வக்பு என்றால் சுல்தான்மாரின் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. இஸ்தான்புல்லின் 1546ஆம் ஆண்டு வக்புப் பதிவேட்டில், வக்பு செய்தவர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் பெண்கள். இஸ்லாமியச் சட்டத்தில் பெண்ணின் சொத்து அவளுடையதே. அதை அவளே வக்பாக எழுதிவைக்க முடிந்தது. ஜெரூஸலத்தில் சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரம் 1552 அளவில் நிறுவிய சமையற்கூடம் ஏழைகளுக்கும் பயணிகளுக்கும் கஞ்சியும் ரொட்டியும் கொடுத்தது. பலஸ்தீனக் கிராமங்களின் வருமானம் அதற்காக எழுதப்பட்டிருந்தது.

காணி பூமி இல்லாதவர்கள் காசையே வக்பு செய்தார்கள். இது மார்க்கத்தில் ஆகுமா என்று 16ஆம் நூற்றாண்டில் பெரிய வாதம் எழுந்தது. பிர்கிவி எதிர்த்தார்; ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் ஆதரித்தார். அது எப்படியோ, அனத்தோலிய மஹல்லாக்களிலும் தொழிலாளர் சங்கங்களிலும் பொது நிதிகள் தோன்றின. வரி கட்ட முடியாதவரின் வரி, நோயில் விழுந்து உழைக்க முடியாதவரின் வீட்டுச் செலவு, ஏழையின் ஜனாஸாச் செலவு ஆகியவை அவற்றிலிருந்து போயின.

எங்கே சறுக்கியது

இதையெல்லாம் பொற்காலக் கதையாகச் சொல்லிவிட்டுப் போவது நேர்மையல்ல. வக்பு உள்ளிருந்தும் அரிக்கப்பட்டது. முதவல்லிமார் வருமானத்தைத் தங்கட குடும்பத்துக்குத் திருப்பினார்கள். சொத்துகள் சொற்பக் குத்தகைக்கு நெடுங்காலம் கொடுக்கப்பட்டு, குத்தகைக்காரரே சொந்தக்காரர் போலானார்கள்.

வெளியிலிருந்தும் அடி விழுந்தது. உஸ்மானிய அரசு 1826இல் வக்புகளுக்கு ஓர் அமைச்சை அமைத்து வருமானத்தைத் தன் கைக்குள் எடுக்கத் தொடங்கியது. 1830இல் அல்ஜீரியாவைப் பிடித்த பிரான்ஸ் அங்குள்ள ஹுபுஸ் சொத்துகளைக் கைப்பற்றியது. பிரித்தானிய இந்தியாவில் குடும்ப வக்பு செல்லாதென 1894இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது. அதைத் திருத்த 1913இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. வருமானம் நின்ற இடத்தில் கட்டடம் மட்டும் மிஞ்சியது. வக்பு என்றால் கட்டடம் என்று நாம் நினைக்கப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கட நாட்டில்

இலங்கையில் சுல்தான்மார் எழுதிவைத்த வக்பு இல்லை. இங்கே இருந்தது ‘பள்ளிக்கு விட்ட காணி’. ஒருவர் நாலு தென்னையை விட்டார், இன்னொருவர் வயலில் ஒரு துண்டை விட்டார், கடைத்தெருவில் ஓர் அறையை விட்டார். பெண்கள் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை வேறாக எடுத்துவைத்தார்கள். பிடியரிசியால் ஓதிக்கொடுக்கும் லெப்பைக்கும் மத்ரஸாவுக்கும் வழி பிறந்தது. இவற்றில் பல வாய்வார்த்தையாகவே நடந்தவை. ‘மூத்தவாப்பா பள்ளிக்குத்தான் குடுத்தார் எண்டு எல்லாருக்கும் தெரியும்’ என்ற பேச்சு ஒரு தலைமுறைக்குப் போதும். மூன்றாம் தலைமுறையில் அது வழக்காகிவிடும்.

1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முஸ்லிம்களின் வாரிசுரிமையோடு வக்பையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் வக்பு சபையை அமைத்தது. பள்ளிவாசல்களைப் பதியவும் நம்பிக்கையாளரை நியமிக்கவும் வழி செய்தது. முஸ்லிம் தரும நிதி ஒன்றையும் ஏற்படுத்தியது. பள்ளிச் சொத்துகள் பலவற்றுக்கு இச்சட்டம் பாதுகாப்பாக இருந்து வருகிறது. ஆனால் பாதுகாக்கப்பட்ட சொத்தின் பயன் யாருக்குப் போக வேண்டும் என்பதைச் சட்டம் யோசித்துத் தராது. அதைக் கொடுப்பவரும் ஊரும்தான் யோசிக்க வேண்டும்.

அப்படி யோசித்தவர்கள் எங்களிடையேயும் இருந்தார்கள். 1892இல் மருதானைப் பள்ளிவாசல் வளவில் ஸாஹிரா தொடங்கியபோது, சித்திலெப்பையின் சிந்தனையும் வாப்பிச்சி மரைக்காரின் கொடையும் நாடுகடத்தப்பட்டு இங்கிருந்த ஒராபி பாஷாவின் ஊக்கமும் ஒன்று சேர்ந்தன. தொழுகையிடமும் பாடசாலையும் ஒரே வளவில் அமைந்தது பழைய குல்லிய்யாவின் வழிமுறையே.

இன்னொரு வகை முயற்சி ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களுடையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்குப் போன அவர் கிழக்கு மாகாண முஸ்லிம்களின் கல்வி நிலையை நேரில் கண்டார். அங்கு முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றை உருவாக்கினார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தோன்றியது. அந்த வருடத்தைக் கவனியுங்கள். இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும் அதே 1945இல்தான். கட்டணம் இல்லை என்றானபின் நிதி எதற்கு? பாடசாலைக் கட்டணம் இல்லாவிட்டாலும், தூரத்து ஊர்ப் பிள்ளைக்குத் தங்குமிடமும் சாப்பாடும் புத்தகமும் பஸ் காசும் வேண்டும். அரசாங்கம் கதவைத் திறந்தது. கதவுவரை வந்துசேரும் செலவை இந்த நிதி பார்த்தது. சட்டப்படி இது பழைய வக்பு வகையைச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. பலர் கூடிக் காசு போட்டு, முதலைப் பாதுகாத்து, பெயர் சொல்லி ஒரு குறையை நிரப்பிய வகையில் அது வக்பின் வேலையைத்தான் செய்தது.

இன்றைக்கு எழுதினால்

இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரியும் பாடசாலையும் இலவசம். ஆகவே ஒவ்வோர் ஊரும் தனக்கென்று ஓர் ஆஸ்பத்திரி கட்ட வேண்டியதில்லை. இலவசத்துக்கும் மனிதருக்கும் இடையில் விழும் இடைவெளிகள்தான் ஊரின் பொறுப்பு. வாரத்தில் இரண்டு மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் சிறுநீரக நோயாளியின் ஓட்டோக் கூலி. ஆஸ்பத்திரியில் இல்லாமல் வெளியில் செய்யச் சொல்லும் பரிசோதனை. கணவன் மௌத்தாகி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கும் பெண்ணின் வீட்டில் அடுப்பு எரிவதற்கான செலவு. உயர்தரம் படிக்கப் பக்கத்து ஊருக்குப் போகும் பிள்ளையின் பயணக் காசு. புத்தகங்கள் அலுமாரியில் பூட்டிக் கிடக்காத ஒரு வாசிகசாலை. மனநோயாளியை வைத்துப் பார்க்கும் உம்மாவுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு.

இவற்றுக்கு நாம் கொடுப்பதில்லை என்று சொல்ல முடியாது. நோன்பு வந்தால் தாராளமாகக் கொடுக்கிறோம். வெள்ளம் வந்தால் லொறி லொறியாகப் போகிறது. சிறுநீரக நோயாளிக்கோ ஷவ்வாலிலும் முஹர்ரத்திலும் ஓட்டோ வேண்டும். வருடம் முழுக்க வரும் தேவைக்கு வருடம் முழுக்க வரும் வருமானம்தான் பொருந்தும். மினாராவுக்கு இன்னொரு தட்டு எழுப்பும் காசில் வாடகைக்கு விட ஓர் அறையைக் கட்டலாம். அந்த வாடகை எதற்கென்று எழுதிவைக்கலாம்.

எழுதும்போது விரிவாக எழுத வேண்டும். ‘ஏழைகளின் நலனுக்காக’ என்ற ஒரே வரி எதற்கும் இடம் கொடுக்கும். பிறகு எதற்கும் உதவாமலும் போகும். எந்த அறை, மாத வாடகை எவ்வளவு, திருத்த வேலைக்கு எவ்வளவு, யாருக்கு, எதற்கு, கணக்கை யார் பார்ப்பது, எந்த ஜும்ஆவில் வாசிப்பது என்று எழுதி, வக்பு சபையில் பதிய வேண்டும். நம்பிக்கையாளர் சபை கூடும் அடுத்த கூட்டத்தில், பள்ளிக்குச் சேர்ந்த சொத்துகளின் பட்டியலையும் ஒவ்வொன்றும் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதையும் கேட்பதற்கு எந்த ஜமாஅத்தாருக்கும் உரிமையுண்டு. வேலையை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.