உப்பிலிக் கீரையும் உப்பிட்ட மீனும்

சிறுபாணாற்றுப்படையில் ஓர் அடுக்களை வருகிறது. கூரை இற்றுச் சுவர் கரையான் அரித்துக் காளான் பூத்துக் கிடக்கும் அடுக்களை அது. ஈன்றணிமை உடைய நாய், கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைப் பற்றி இழுப்பது பொறாமல் குரைக்கிறது. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் கண்ணிற் படுமே என்று நாணி வாயிற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு அதனை உண்கிறாள். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் வறுமையை வருணிக்கத் தேர்ந்த காட்சிகளுள் இதைக் காட்டிலும் கொடியது தமிழில் இல்லை எனலாம். கீரைக்கு வறுமை வேண்டுவதில்லை. செல்வரும் கீரை உண்டனர். வறுமையின் அடையாளம் கீரையன்று, உப்பின்மையே. எட்டாத பொருள் இறைச்சி என்று சொல்லாமல், உப்புக் கூட இல்லை என்று புலவர் சொன்னது ஏன் என்பது நோக்கத்தக்கது.

விடையை அம்மூவனார் தருகிறார். அகநானூற்றின் 140ஆம் பாட்டில் உமணர் மகளொருத்தி சேரிக்குள் நுழைந்து விலை கூவுகிறாள்; வேற்றுக்குரல் கேட்டு மனைநாய் குரைக்கிறது. அவள் கூறும் விலை, நெல்லுக்கு நேர் உப்பு என்பது. 390ஆம் பாட்டிலும் அதே கணக்கே பேசப்படுகிறது. ஒரு படி நெல் கொடுத்தால் ஒரு படி உப்பு. காதற் பாட்டில் சொன்ன விலையைச் சந்தை விலையாக அப்படியே கொள்ளலாமா என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆயினும் கேட்போர்க்கு நம்பத்தகாத விலையைத் தலைவி வாயிலோ தலைவன் வாயிலோ புலவர் வைத்திருக்க மாட்டார். உழவர் மனைக்கு இது பெரிதன்று. புறநானூற்றின் 33ஆம் பாட்டில் வேட்டுவன் மான்தசை நிறைந்த வட்டியோடும், ஆய்மகள் தயிர்ப் பானையோடும் உழவர் மனைக்கு வந்து நெல் பெற்றுத் திரும்புவதைக் கோவூர்கிழார் காட்டுகிறார். நெல் உள்ள வீட்டு வாயிலுக்கு இறைச்சி தானே நடந்து வந்தது. நெல் இல்லாத கிணைமகளுக்கு உப்பும் வரவில்லை.

அதே சிறுபாணாற்றுப்படை, பரிசில் பெறப் போகும் பாணன் வழியில் எங்கெங்கு என்ன உண்பான் என்றும் சொல்கிறது. மருத நிலத்து ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு. வேலூரில் எயினர் மகளிர் ஆக்கிய புளிஞ்சோற்றோடு ஆமான் சூடு. கடற்கரை எயிற்பட்டினத்தில் கள்ளொடு உலர்ந்த குழல்மீன் சூடு. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பர் ஆய்வாளர் பலர். மரக்காணம் இன்றும் உப்பளங்களுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை நினைத்துக்கொண்டு இந்த உலர்மீனைப் படித்தால் சுவை கூடும். மூன்று உணவிலும் ஆமான் இறைச்சிக்கு வேட்டை வேண்டும். நண்டுக்கு நீர்பாயும் வயல் வேண்டும். உலர்மீனுக்கு வெயிலும் உப்பும் போதும். கிடைக்கும் நாளில் வாங்கிக் கிடைக்காத நாளில் உண்ணலாம் என்பதால், ஏழையின் புலவாக நிலைத்தது அதுவே.

நெத்திலி, காரல் போன்ற சிறுமீன்களை உப்பின்றியே மணலில் பரப்பிக் காய வைத்துவிடலாம். தசைப்பற்றுள்ள பெருமீனைக் கீறி, நான்கைந்து பங்கு மீனுக்கு ஒரு பங்கேனும் உப்பிட்டு அடுக்காவிட்டால், வெயில் உள்ளே எட்டுமுன் அது அழுகிவிடும். நற்றிணையின் 45ஆம் பாட்டு இந்தக் களத்தைத்தான் காட்டுகிறது. நிணமுள்ள சுறாவை அறுத்து உலர்த்திய துண்டங்களைப் பறவை கவராமல் காக்கும் பரதவர் மகள் அவள். தேரில் வந்த நெடுங்குடிச் செல்வனிடம் தோழி, எங்கள் மேல் புலவு நாறும், எட்டி நில் என்கிறாள். குறையிரந்து சொன்ன சொல்லாக அது ஒலிக்கவில்லை. கிணைமகள் கதவடைத்து மறைத்தாள். பரதவர் மகளோ வெயிலில் பரப்பி வைத்துக்கொண்டு பேசினாள். கருவாட்டை மறைத்துச் சமைக்க யாராலும் இயலாது என்பது வேறு செய்தி.

உள்நாட்டில் ஆட்டிறைச்சிக்கும் இதே வழிதான். கோயிற் கொடைக்கோ விழாவுக்கோ வெட்டிய கிடாயைக் கூறு போட்டுப் பங்கிடுவர். குடலும் தலையும் காலும் அன்றே அடுப்பேறும். மிஞ்சிய தசையை நீளக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, நூலிற் கோத்து உப்புக்கண்டம் போட்டால், ஒரு விழாவின் கறி பல வாரப் பழஞ்சோற்றுக்குத் துணையாகும். ஏழை வீட்டு இறைச்சியின் வரலாறு என்பது பெரும்பகுதி உப்பின் வரலாறே.

அந்த வரலாற்றில் 1805 ஒரு திருப்பம். அவ்வாண்டு சென்னை மாகாணத்தில் உப்பைக் கும்பினி தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. பின்னர் வந்த வரிகள் அதனை மேலும் இறுக்கின. 1888இல் உப்பு வரி மணங்குக்கு இரண்டு ரூபாய் எட்டு அணா ஆயிற்று. மணங்கு என்பது ஏறத்தாழ 37 கிலோ. 1889இன் சென்னை உப்புச் சட்டத்தின் கீழ், தானாக விளைந்த உப்பைக் கடற்கரையில் அள்ளுவதும் குற்றம். சோற்றுக்கு வேண்டிய உப்பு சிறிது. வரி எவ்வளவு ஏறினும் அதை எப்படியோ வாங்கிவிடுவர். மீனுக்கு வேண்டியதோ கூடை கூடையாக. ஆகவே வரியின் அடி அடுப்பைவிட மீன்களத்தில்தான் கடுமையாக விழுந்தது. உப்புக் குறைந்த கருவாடு கெட்டது. நிறைய உப்பிட்டது விலையேறியது.

இதனை அரசுக்கே எடுத்துச் சொன்னவருள் ஒருவர் பிரான்சிஸ் டே. சென்னைப் படையில் மருத்துவராக இருந்து மீனியலுக்கு வந்தவர். இந்தியாவின் மீன்களைப் பற்றிய இவரது பெருநூலை அறிந்தோர் பலர். கடல் மீன்வளம் பற்றி 1873இல் அவர் அளித்த அறிக்கையை அறிந்தோர் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடற்கரை ஊர்களில் மீன் பதனிடும் களங்கள் தோன்றின. வேலியிட்ட அக்களத்துக்குள் மீனைக் கொண்டுவந்து, அலுவலர் கண்முன் உப்பிட்டால் வரியில்லா உப்புக் கிடைக்கும். களத்துக்கு வெளியே ஒரு பிடி கொண்டுபோகக் கூடாது. மீன் விற்பவள் தன் முற்றத்தில் தன் பொழுதில் செய்த வேலை, இவ்வாறு அரசின் வேலிக்குள் அரசின் நேரத்தில் நடக்கலாயிற்று. படகும் கூலியாளும் உடைய வணிகர்க்கு அது வசதி. கூடை மீன் வாங்கி விற்பவளுக்கு அத்தனை வசதியாக இருந்திருக்காது என்று ஊகிக்கலாம்.

1930 ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு புறப்பட்டு 28ஆம் நாள் வேதாரண்யம் சேர்ந்தார். 30ஆம் நாள் உப்பு அள்ளினார். அந்நடைக்கு நாமக்கல் கவிஞர் பாட்டு எழுதிக் கொடுத்தது இலக்கியம் அறிந்தோர் அனைவரும் அறிந்ததே. நடந்தோர்க்குச் சோறிடுவோரும் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழிமரங்களில் கட்டித் தொங்கவிட்டனர். அந்தப் போராட்டத்தைப் பேசுவோர் நாட்டுணர்வைப் பேசுகின்றனர். அதன் உடனடிப் பயன் கடலோரக் குடிசைக்கே சென்றது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1931 மார்ச்சு 5ஆம் நாள் கையெழுத்தான காந்தி-இர்வின் உடன்படிக்கை, வரியை நீக்கவில்லை. உப்பு விளையும் இடங்களை அடுத்த ஊரார் தம் வீட்டுக்கும் தம் ஊருக்குள் விற்பதற்கும் உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் இசைந்தது. நாட்டுக்கு அது சிறு சலுகை. காயாத மீனை வைத்துக்கொண்டு நின்றவளுக்கு அது சிறிதன்று.

வரி முற்றும் நீங்கியது 1947 ஏப்ரலில். அதன்பின் வேலியிட்ட களத்துக்குள் சென்று உப்பு வாங்க வேண்டிய தேவை மீன்காரிக்கு இல்லாமற் போயிற்று. மீன் மீண்டும் முற்றத்துக்கும் மணலுக்கும் வந்தது.