தோள் மாறிய பறை

மூன்று துண்டு வேப்பங்கட்டை, அவற்றைப் பூட்ட இரும்புப் பட்டை, புளியங்கொட்டைப் பசை, மாட்டுத்தோல். ஒரு பறை பிறக்க இவ்வளவு போதும். கட்டைகளை வளைவாகச் செதுக்கி வட்டமாகச் சேர்த்து, ஊறவைத்த தோலை அதன்மேல் இழுத்து ஒட்டிக் காயவிடுவார்கள். அடிக்க இரண்டு குச்சிகள். வலக்கையில் குட்டையாக, கனமாக அடிக்குச்சி. இடக்கையில் நீளமாக, மெலிதாகச் சீவிய சிண்டுக்குச்சி. அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்ச வேண்டும். ஈரம் ஏறிய தோல் பொத்தென்று மழுங்கும். சூடேறினால் கணீரென்று வெடிக்கும். விரலால் சுண்டிப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார்கள். மதுரை வட்டாரத்தில் இதற்குத் தப்பு என்றும் பேர். ஒரே ஆள் அடிக்கவும் வேண்டும், ஆடவும் வேண்டும் என்பதால் தப்பாட்டம்.

பறையின் வயதைப் பேசும்போது தொல்காப்பியத்தைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று நிலத்துக்கு நிலம் மாறும் கருப்பொருள்களின் வரிசையில் பறையையும் வைக்கிறது அந்த நூல். எனக்கு அதைவிடப் பெரிய சாட்சி சிறுபாணாற்றுப்படையில் வரும் கிணைமகள். குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைத்து, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். கிணை ஒரு தோற்கருவி. அவள் அடித்தாளா, அடிப்பவனின் மனைவியா என்று புலவர்கள் வழக்காடிக்கொள்ளட்டும். பறையும் பெண்ணும் பசியும் ஒரே கூரையின்கீழ் இருந்ததற்கு அந்தக் காட்சியே போதும்.

பிற்காலத்தில் சாதி அந்தக் கருவியைக் கையிலெடுத்து, எங்கே ஒலிக்கலாம், எங்கே கூடாது என்று எல்லை போட்டது. ஊர்ச் சாட்டு சொல்ல, சாமி இறங்க, பிணம் போக ஒரு சாதியார் அடித்தாக வேண்டும், அதுவும் கட்டாயமாக. கூலி என்பது கொஞ்சம் நெல், கொஞ்சம் காசு, சாவு வீடென்றால் சாராயம். பறை ஆண்களின் கருவியாக இறுகிப்போனது இந்த ஏற்பாட்டுக்குள்தான்.

பெண்ணால் அதைத் தூக்க முடியாது என்பது வெறும் சாக்கு. களையெடுத்து, கதிரறுத்து, கட்டைத் தலையில் சுமந்து வரப்பில் ஓடுகிற பெண்ணுக்குப் பறையின் கனம் ஒரு பொருட்டா? தடை கருவியில் இல்லை, அது ஒலித்த இடத்தில் இருந்தது. இரவெல்லாம் விழிக்கும் சாவு வீடு, குடித்த கூட்டம், பெண்கள் போகாத சுடுகாடு, ஊரார் அதிகாரம் பண்ணும் தெருமுனை. மதுரைப் பக்கத்துத் திருவிழாக்களில் பெண் ஆடாமலும் இல்லை. கரகாட்டத்தில் ஊரே பார்க்க ஆடுவாள். ஆனால் அவளை ஆட்டுவிக்கும் நையாண்டி மேளத்தில் தவிலும் பம்பையும் ஆண்கள் கையில். ஆடுவது அவள், தாளம் அவர்களுடையது.

கடலுக்கு அப்பாலும் இதே கதை ஒன்று நடந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தாள். பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கக் காசு வேண்டும் என்பது அவள் கணக்கு. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. இசைத்தட்டுச் சுழற்றியவர் அவள் அண்ணன், ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க். பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் இடத்துக்காகவே ஆடுகிறவர்கள் காத்திருப்பதைக் கவனித்து, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு அந்தத் துண்டை நீட்டினார். அதுதான் 'பிரேக்'. அதற்கு ஆடியவர்கள் பி-பாய், பி-கேர்ள். ஹிப்ஹாப் பிறந்த நாளென்று உலகம் கொண்டாடுவது ஒரு பெண் கூட்டிய கூட்டத்தை. ஆனாலும் தெருமுனை வட்டமும் இரவு மன்றமும் ஆண்கள் கைக்குப் போயின. 2004இல் தொடங்கிய ரெட்புல் பிசி ஒன் என்ற பிரேக் ஆட்ட உலகப் போட்டியில் பெண்களுக்கெனத் தனிப்பட்டம் வர 2018 வரை ஆனது. அதை வென்ற ஜப்பானின் அமி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கமும் வென்றார். தலையால் சுழலப் பெண்ணுக்கு எப்போதும் முடிந்தது. சுழல இடம் கிடைக்கத்தான் நாளானது.

மதுரையில் பறைக்கு இடம் மாறத் தொடங்கியது 1990களில். அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுந்த தலித் எழுச்சியில் கிராமத்துக்குக் கிராமம் ஒரு கேள்வி கிளம்பியது: இழிவு சுமத்திய கருவியைத் தூக்கி எறிவதா, எழுச்சியின் குரலாக எடுத்துக்கொள்வதா? இனிச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் உண்டு. அதற்காக அடி வாங்கியவர்களும் உண்டு. எடுத்துக்கொள்வோம் என்றவர்களுக்கு மேடையாக அமைந்த இடங்களில் ஒன்று மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி. 'பரட்டை' என்ற பேரில் பாட்டுக் கட்டிய தியாபிலஸ் அப்பாவு அங்கே ஆசிரியராக இருந்தார். கோயில் வாசலுக்கு வெளியே நின்ற தாளத்தைக் கிறித்தவ வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர். அந்த வளாகத்தில் இயங்கிய தலித் ஆதார மையம் கலைவிழாக்கள் நடத்தியது. சிவகங்கைச் சீமையிலிருந்து வந்த கே.ஏ. குணசேகரன் 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். சாவு ஊர்வலத்தில் நடந்த பறை மேடை ஏறிற்று. சாராயமும் சுடுகாடும் இல்லாத இடம் வந்ததும், பெண் வருவதற்கு வழியும் வந்தது.

அந்த வழியில் முதலில் நடந்தவர்களைத் திண்டுக்கல்லில் பார்க்கலாம். அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, தலித் பெண் பிள்ளைகளைச் சேர்த்துத் தங்கவைத்துப் பறை சொல்லிக்கொடுத்தது. வந்தவர்களில் படிப்பை நிறுத்தியவர்கள் உண்டு. நூற்பாலை வேலைக்குப் போய்வந்தவர்கள் உண்டு. திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் வறுமைப்பட்ட பெண் பிள்ளைக்கு மில் வேலை என்பது பதின்ம வயதிலேயே வந்து நிற்கும் விதி. தலையை நிமிர்த்தாமல் இழை முடிந்த பிள்ளை இங்கே வந்து கற்கும் முதல் பாடம் நிமிர்ந்து நிற்பது.

அந்தப் பாடத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பறை இடத்தோளில் தொங்க, இடக்கை சட்டத்தின் மேலாக வந்து சிண்டுக்குச்சியைப் பிடிக்கும். முதல் வாரம் முழுக்க வலி இடது மணிக்கட்டில்தான். குச்சி நுனி தோலில் வழுக்கும், அடி சொதசொதவென்று விழும். குனிந்து பறையைப் பார்த்துக்கொண்டே அடித்தால் வாத்தியார் விடமாட்டார். கண் எதிரே இருக்க வேண்டும், ஏனென்றால் கால் எதிரே போக வேண்டும். ஒத்தையடி கைக்கு வந்தபிறகு சப்பரத்தடி, பாடம் அடி, சாமிச்சாட்டு அடி என்று ஒவ்வொன்றாக வரும். அதன்பின் சலங்கை கட்டி, அடவு சேர்த்து, வரிசையாய் ஆடிக்கொண்டு அடிக்க வேண்டும். கும்மியிலும் கோலாட்டத்திலும் பழகிய கால்களுக்கு அடவு சீக்கிரம் வந்துவிடும். தெருவில் கால் அகட்டி நின்று, உரக்கச் சத்தம் போட்டு, எதிரே நிற்பவன் கண்ணைப் பார்ப்பதுதான் பழக நாளெடுக்கும். பெண் பிள்ளை செய்யக்கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்த்த மூன்றும் பறைக்கு அடிப்படை.

சக்தி குழுவின் பறை கேட்டு அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்திலிருந்து இன இசையியலாளர் ஸோயி ஷெரினியன் வந்தார். 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற ஆவணப்படம் எடுத்தார். மதுரைக்கு வடக்கே, வாடிவாசலுக்குப் பேர்போன அலங்காநல்லூரில் சமர் கலைக்குழுவின் வேலு ஆசான் சாதி, ஆண், பெண் பாராமல் கற்றுக்கொடுத்தார். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இன்று சென்னையில் கணினி வேலை பார்க்கும் பெண்கள் வாரக்கடைசியில் பறை பழகுகிறார்கள். வெளிநாட்டுத் தமிழ்ச் சங்க மேடைகளில் பட்டுப்புடவைமேல் பறை தொங்குகிறது. மழைக்கு நனையாத செயற்கைத் தோல் வந்துவிட்டதால் காய்ச்சும் வேலையும் பலருக்கு இல்லை.

இந்தப் பயணத்தை வெற்றி ஊர்வலமாக மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். பறையை மேடையில் கொண்டாடும் கைகள், அதைத் தலைமுறையாகச் சுமந்தவர்களைத் தெருவில் எப்படி நடத்துகின்றன என்பது வேறு கணக்கு. பிராங்க்ஸின் தாளத்தை உலகம் விற்றுத் தின்ன, பிராங்க்ஸ் ஏழையாகவே இருந்ததும் இதே கணக்குதான். இன்னொன்று கல்யாணம். நல்லா அடிக்கிற பிள்ளை என்று பேரெடுத்தவள் தாலி ஏறியதும் பறையை ஆணியில் மாட்டிவிடுவது சாதாரணம். பெண்ணின் கலை வாழ்வு பெரும்பாலும் இளம் வயதிலேயே முடிந்துவிடுகிறது. ஆண் எழுபது வயதிலும் வாத்தியார்.

ஆகவே பறை பெண்கள் தோளுக்கு வந்துவிட்டதா என்பதற்கு மேடைகளை எண்ணிப் பயனில்லை. கிராமத்துத் திருவிழாவுக்குக் குழு பேசப் போகிறவர்கள் வெற்றிலை பாக்கோடு அச்சாரப் பணத்தை வாத்தியார் கையில்தான் கொடுப்பார்கள். அடி எது, நேரம் எவ்வளவு, கூலி என்ன என்று பேசி முடிப்பவர் அவர். அந்த அச்சாரத்தை வாங்கும் வாத்தியாராக ஒரு பெண் இருப்பதும், அவளுக்கு நாற்பது வயதாகியும் கேட்பவர்கள் தேடிவருவதும் எத்தனை ஊரில் நடக்கிறது என்று பாருங்கள். இனி எண்ண வேண்டியது அதைத்தான்.