கப்பலேறி வந்த மெட்டு

திங்கட்கிழமைக் காலை. ரந்தாவ், பஹாவ், கெமெஞ்சே பக்கத் தோட்டப் பள்ளிகளில் மணி அடித்ததும் பிள்ளைகள் திடலில் வரிசை பிடிப்பார்கள். அந்தக் காலத்தில் பெற்றவர்கள் விடியுமுன்பே வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். இது பிள்ளைகளின் பெரட்டு. வெள்ளையும் நீலமுமான சீருடையில் எல்லாரும் சேர்ந்து மலேசிய தேசிய கீதமான நெகாராகூ பாட, கொடி ஏறும். போட்டி மேடையில் பாடினால்தான் சேர்ந்திசை என்கிறோம். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாரம் தவறாமல் நடக்கும் சேர்ந்திசை எது என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இந்தப் பள்ளிகளே சட்டத்துக்குப் பிறந்தவை. ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். தொழிலாளர் லயத்தோரக் கொட்டகை ஒன்றுதான் அன்று பள்ளிக்கூடம். கணக்கெழுதும், எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியே பல இடங்களில் வாத்தியார். புத்தகம் சென்னையிலிருந்து வந்தது.

நெகாராகூவின் மெட்டோ அதற்கு முன்பே கடலைத் தாண்டிவிட்டது. 1875இல் பேராவில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச் கொல்லப்பட்டார். பழி பேரா சுல்தான் அப்துல்லா மேல் விழுந்தது. அவரைச் செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அங்கே பாண்டுக்காரர்கள் வாசித்த பிரெஞ்சு மெட்டு ஒன்று அரச குடும்பத்தின் காதில் ஒட்டிக்கொண்டது, அதுவே பேரா மாநில கீதமானது என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. அதே மெட்டு பிறகு ‘தெராங் பூலான்’ என்ற காதல் பாட்டாகி, நாடகக் கொட்டகை, விருந்து, ரேடியோ என்று ஊர் சுற்றியது. தமிழகத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர்களின் வழிவந்த பிள்ளைகள், தங்கள் பாட்டன்களைப் போலவே இந்துமாக்கடலைக் கடந்துவந்த ஒரு மெட்டைப் பாடுகிறார்கள் என்பதில் எனக்குக் குறும்பான ஒரு திருப்தி.

சுதந்திரம் நெருங்கியபோது தேசிய கீதத்துக்காக உலகப் போட்டி வைத்தார்கள். வந்தவை 514. ஒன்றும் தேறவில்லை. பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன் போன்ற பெரிய கைகளிடமும் சிங்கப்பூர் ஜுபிர் சாயிடிடமும் கேட்டு வாங்கினார்கள், அவையும் பிடிக்கவில்லை. கடைசியில் அன்றைய முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு பேராவின் மெட்டுக்கே திரும்பியது. புதுச் சொற்களோடு 1957 ஆகஸ்டு 5இல் முடிவாயிற்று. மெர்டேக்கா எனும் சுதந்திர நாளுக்கு இருபத்தாறே நாள்! மெட்டு பேராவுடையது, பாட்டு வாழ்த்திய முதல் மாமன்னரோ நம்ம நெகிரி செம்பிலான்காரர், ரிங்கிட் நோட்டில் இருக்கும் அதே துவாங்கு அப்துல் ரஹ்மான்.

தொண்ணூறுகளில் அதை அணிவகுப்பு வேகத்துக்கு முடுக்கினார்கள். 2003இல் பழைய நடைக்கே வந்தது. இடைப்பட்ட பத்து வருஷத்தில் பள்ளிக்கூடம் போனவர்களைப் பாட்டு எடுக்கும் வேகத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று நான் கேலி செய்வதுண்டு.

நெகாராகூ முடிந்தால் மாநில கீதம். விழா நாளென்றால் செ. சீனி நைனா முகம்மது எழுதிய தமிழ் வாழ்த்தும் உண்டு. ஆனால் பிள்ளைகளுக்குச் சோதனை நெகாராகூவின் நடுவில், குரல் சட்டென்று மேலேறும் இடத்தில்தான். முதலாம் ஆண்டு அங்கே வாயை மட்டும் திறக்கும். ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகள் எட்டிப் பிடித்துவிடுவார்கள். கடைசி வரிசையில் குரல் உடைய ஆரம்பித்த பையன் ஒருத்தன், ஒரு கட்டை கீழே இறங்கி, வாத்தியார் கண்ணில் படாமல் முன்னால் நிற்பவன் முதுகுக்குப் பின்னே ஒதுங்கிக்கொள்வான்.