சிறிய நான்கு சக்கர இயக்கக் கார்: ஸ்பேர் டயரையும் ஜாக்கியையும் எங்கே வைப்பது?

பங்சாரிலிருந்து கிள்ளானுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை நேரத்தில் போகிறீர்கள். நல்ல மழை. பின் இருக்கையில் வயதான பெற்றோர், பூட் நிறைய சாமான். திடீரென ஒரு டயரில் காற்று இறங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் காரில் ஸ்பேர் டயர் இருந்தால் மட்டும் போதாது. அதையும் ஜாக்கியையும் நீங்கள் ஒருவரே வெளியே எடுக்க முடியவேண்டும்.

சிறிய நான்கு சக்கர இயக்கக் கார்களில் இது சற்றுச் சிக்கலான விஷயம். உடல் குட்டை, பூட் சிறியது, அடியிலோ பின் அச்சும் டிஃபரென்ஷியலும் புகைக்குழாயும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இவ்வகைக் கார் வைத்திருப்பவர்களும், பழைய வண்டி ஒன்றை வாங்க நினைப்பவர்களும் தெரிந்துகொள்ளவேண்டிய வழிகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

நம் சாலைகளில் உள்ள கார்கள்

மலேசியர்களுக்கு இவ்வகையில் நன்கு தெரிந்த கார் பெரோடுவா கெம்பாரா. டைஹாட்சு தெரியோஸ் காரை அடிப்படையாகக் கொண்டு 1998இல் வெளிவந்த இது 2007 வரை தயாரிக்கப்பட்டது. அதன் ஸ்பேர் டயர் பின்கதவில் தொங்கும். 2008இல் அதன் இடத்துக்கு வந்த நௌட்டிகாவிலும் அதே ஏற்பாடுதான். 2021இல் மலேசியச் சந்தைக்கு வந்த மூன்று கதவு சுசுகி ஜிம்னியும் டயரைப் பின்கதவில்தான் சுமக்கிறது.

ஜிம்னியின் டயர் அளவு 195/80 ஆர்15. அதன் விட்டம் ஏறக்குறைய 69 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் அந்த ஒரு டயர் மட்டும் சுமார் 75 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். பின் இருக்கை நிமிர்ந்திருக்கும்போது ஜிம்னியின் பூட் கொள்ளளவோ 85 லிட்டர்தான். டயரை உள்ளே வைத்தால் ஒரு பை வைக்கவும் இடம் இருக்காது. அதனால்தான் டயர் வெளியே போனது.

1. பின்கதவில்

பெரும்பாலோருக்கு இதுவே சிறந்த வழி. பூட்டில் எவ்வளவு சாமான் இருந்தாலும் அதை இறக்கத் தேவையில்லை. சேற்றில் படுத்துக் காரின் அடியில் கைவிடவும் வேண்டாம். மூன்று நட்டுகளைக் கழற்றினால் டயர் கைக்கு வந்துவிடும். டயர் இடுப்பு உயரத்தில் இருப்பதால் தரையிலிருந்து தூக்கவேண்டியதில்லை. மெதுவாக இறக்கினால் போதும்.

குறைகளும் உண்டு. ரிம்மோடு சேர்த்து 20 கிலோ அளவுக்கு எடையுள்ள டயர், கதவு ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் கீல்களை இழுக்கிறது. பழைய கெம்பாரா வாங்கப் போகிறவர்கள் பின்கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவேண்டும். ஆட்டம் இருந்தாலோ, மூடும்போது கதவைச் சற்றுத் தூக்கிவிடவேண்டியிருந்தாலோ கீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். கீலைச் சுற்றியுள்ள தகட்டில் வெடிப்போ துருவோ இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

இன்னொன்று, பின்னால் எடுக்கும்போது காரின் கடைசி முனை பம்பர் அல்ல, டயர். கொண்டோமினியம் கார் நிறுத்துமிடங்களில் சுவரில் மோதினால் அந்த அடி நேராகக் கதவுக்கும் கீலுக்கும் போகும். தெலாவி சாலைகளில் வரிசையாக நிறுத்தும்போது பின்னால் ஒரு கார் ஒட்டி நின்றுவிட்டால், பக்கவாட்டில் திறக்கும் கதவைத் திறக்கவே முடியாது. நிறுத்தும்போதே ஒரு கதவு அளவு இடம் விட்டு நிறுத்துவது நல்லது.

2. பம்பரில் தனிக் கை

காட்டுப் பாதைக்குப் போகிறவர்கள் பெரிய டயர் மாற்றிக்கொள்வது வழக்கம். 235/75 ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 73 சென்டிமீட்டர். எடையும் கூடும். தொழிற்சாலை போட்ட கீல் அந்தப் பாரத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. அப்போது இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கீலுக்கும் கதவுக்கும் வலுவூட்டும் தகடு பொருத்துவது. மற்றொன்று, பின் பம்பரில் தனியாக ஓர் இரும்புக் கை வைத்து அதில் டயரைத் தொங்கவிடுவது.

தனிக் கையில் கதவுக்குப் பாரமே இல்லை. ஆனால் பூட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் கையை விலக்கவேண்டும், பிறகு கதவைத் திறக்கவேண்டும். கையில் மளிகைப் பையோடு மழையில் நிற்பவருக்கு இது தொல்லை. காரின் நீளமும் கூடும். தினமும் அலுவலகம், வார இறுதியில் சந்தை என்று ஓடும் காருக்கு இது தேவையில்லை.

எந்த மாற்றம் செய்தாலும் பின்விளக்கு, மூன்றாவது பிரேக் விளக்கு, எண் பட்டை, கேமரா ஆகிய நான்கும் மறையக்கூடாது. காரின் அமைப்பை மாற்றும் வேலை என்றால் சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும் (ஜேபிஜே) காப்புறுதி நிறுவனத்திடமும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. காரின் அடியில்

பிக்-அப் வண்டிகளில் இதுதான் வழக்கம். சங்கிலியோ கம்பி வடமோ கொண்டு டயரைக் கீழே இறக்குவார்கள். பூட் முழுமையாகக் கிடைக்கும், பின்பார்வையும் மறையாது.

ஆனால் சேறும் தண்ணீரும் அந்தப் பொறிமுறையைத் துருப்பிடிக்க வைக்கும். பல ஆண்டுகள் தொடாமல் விட்டால், தேவைப்படும் நாளில் அது இறங்காது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவையும் சுற்றுவட்டாரத்தையும் மூழ்கடித்தது போன்ற வெள்ளத்தில் நின்ற கார் என்றால் அடிப்பகுதியைக் கட்டாயம் கழுவி, எண்ணெய் போட்டு, ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்க்கவேண்டும். டயர் பஞ்சரானதும் காரின் பின்பகுதி தாழ்ந்துவிடுவதால் ஸ்பேர் டயரை வெளியே இழுக்க இடைவெளி போதாமலும் போகலாம். இந்த இடத்திலிருந்து டயர் திருடுவதும் எளிது. பூட்டு போடுவது நல்லது.

4. பூட்டுக்குள்

திருட்டுப் பயம் இல்லை, வெயிலும் மழையும் படாது. ஆனால் சாமான் அனைத்தையும் சாலையோரத்தில் இறக்கிய பிறகே டயரை எடுக்கமுடியும்.

டயரைக் கட்டாமல் நிறுத்தி வைப்பது ஆபத்து. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதி நின்றால், 20 கிலோ டயர் பல நூறு கிலோ விசையோடு முன்னால் பாயும். அதற்கும் பின் இருக்கைப் பிள்ளைகளுக்கும் இடையில் இருப்பது இருக்கையின் முதுகு மட்டுமே. தரையில் உள்ள உலோக வளையங்களில் ராட்செட் வார் போட்டு இறுக்கிக் கட்டவேண்டும். ரப்பர் கயிறு போதாது. ஜாக்கிக்கும் இதே விதிதான்.

5. கூரை மேல்

படத்தில் பார்க்க அழகாக இருக்கும். நடைமுறையில் சிறிய காருக்கு இது பொருந்தாது. ஜிம்னியின் கூரை தாங்கும் எடை 30 கிலோ என்று சுசுகி குறிப்பிடுகிறது. கேரியர் எடையையும் டயர் எடையையும் சேர்த்தால் அந்த வரம்பு முடிந்துவிடும். உயரமான, அகலம் குறைந்த காரின் தலையில் பாரம் ஏறினால் கேமரன் மலை வளைவுகளில் சாய்வு கூடும். கார் நிறுத்துமிட உயரத் தடையும் இடிக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 20 கிலோவைத் தலைக்கு மேலிருந்து ஒருவர் தனியாக இறக்கவேண்டும்.

6. போனட்டில்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் பழைய லேண்ட் ரோவர் நினைவிருக்கும். அவற்றில் பலவும் ஸ்பேர் டயரைப் போனட்டின் மேல் சுமந்தன. 1977இல் வந்த ரஷ்யாவின் லாடா நிவா, டயரைப் போனட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. பூட்டை முழுமையாகக் காப்பாற்றும் வழி இது. ஆனால் இன்றைய கார்களில் எஞ்சினைச் சுற்றி அவ்வளவு இடம் இல்லை. எஞ்சின் சூடும் ரப்பருக்கு நல்லதல்ல. புதிதாக யாரும் முயலவேண்டிய வழி அல்ல இது.

7. ஸ்பேர் டயருக்குப் பதில் ஒட்டுத் திரவம்

சில புதிய கார்களில் ஸ்பேர் டயரே இல்லை. ஒட்டுத் திரவமும் சிறிய காற்று பம்ப்பும்தான் தருகிறார்கள். ஆணி குத்திய சிறு துளைக்கு இது போதும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தாலோ, குழியில் விழுந்து ரிம் வளைந்தாலோ உதவாது. பம்ப் ஒன்றைக் கூடுதலாக வைத்திருங்கள். அதற்காக ஸ்பேர் டயரைக் கழற்றி வீட்டில் வைத்துவிடாதீர்கள்.

ஜாக்கி எங்கே இருக்கிறது?

ஸ்பேர் டயர் கண்ணில் படுகிறது, ஜாக்கி படுவதில்லை. காரைப் பொறுத்து அது இருக்கைக்கு அடியில், பூட் பக்கவாட்டு மூடிக்குள், அல்லது பூட் தரைக்குக் கீழே இருக்கும். கை மாறிய பழைய கார்களில் அது இல்லாமலே போயிருக்கலாம். வாங்கும் நாளிலேயே ஜாக்கி, அதன் கைப்பிடி, வீல் ஸ்பேனர் மூன்றையும் எடுத்துப் பாருங்கள்.

காரோடு வரும் கத்தரி ஜாக்கி சிறியது, எங்கும் அடங்கும். பெரிய டயர் மாற்றிய காரை அது போதிய உயரத்துக்குத் தூக்காமல் போகலாம். அப்போது ஹைட்ராலிக் பாட்டில் ஜாக்கி தேவைப்படும். அதைப் பெட்டியில் சொல்லியுள்ள நிலையில் வைக்கவேண்டும். தவறாகப் படுக்கவைத்தால் சிலவற்றில் எண்ணெய் கசியும்.

ஜாக்கியை வைக்கவேண்டிய புள்ளியும் காருக்குக் கார் மாறும். ஜிம்னி தனிச் சட்டத்தின் மேல் கட்டப்பட்ட கார் என்பதால், சாதாரணக் காரில் பழகிய இடத்தில் வைத்துவிடக்கூடாது. கையேட்டைப் பார்த்து, அந்த இடத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கியோடு ஒரே பையில் இருக்கவேண்டியவை:

- தடித்த பலகைத் துண்டு ஒன்று (மண்ணில் ஜாக்கி புதையாமல் இருக்க)
- சக்கரத் தடுப்புக் கட்டைகள் இரண்டு
- டார்ச் விளக்கு, கையுறை, மழைச்சட்டை
- முக்கோண எச்சரிக்கைப் பலகை
- பூட்டு நட் போட்டிருந்தால் அதன் சாவி

கடைசியாகச் சொன்ன சாவியைத்தான் பலர் வீட்டில் வைத்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் மற்ற எதுவும் பயன்படாது.

டயர் அளவு ஒன்றாக இருக்கவேண்டும்

கெம்பாராவில் நான்கு சக்கரமும் எப்போதும் இயங்கும். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழல, நடுவில் ஒரு டிஃபரென்ஷியல் உள்ளது. ஒரு டயர் மட்டும் சிறியதாக இருந்தால் அது ஓய்வில்லாமல் வேலை செய்து சூடாகித் தேயும். எனவே ஸ்பேர் டயரும் மற்ற நான்கின் அளவிலேயே இருக்கவேண்டும்.

ஜிம்னியில் தேவைப்படும்போது மட்டுமே நான்கு சக்கர இயக்கம். அளவு வேறுபட்ட டயர் போட நேர்ந்தால் 2எச் நிலையிலேயே ஓட்டி, அருகிலுள்ள டயர் கடைக்குப் போய்விடவேண்டும். நான்கு டயரை மட்டும் மாற்றி, பழைய அளவு ஸ்பேரைப் பின்னால் தொங்கவிடுவது வீண். ஐந்து டயர்களையும் முறை வைத்து மாற்றிப் போட்டு வந்தால் தேய்மானமும் ஒரே அளவில் இருக்கும்.

வெளியே தொங்கும் டயருக்குக் கவனிப்பு

மாதம் ஒருமுறை பெட்ரோல் நிலையத்தில் நான்கு டயருக்குக் காற்று பார்க்கும்போது ஐந்தாவதையும் பாருங்கள். டயர் உறையின் அடியில் தண்ணீர் வடியத் துளை இருக்கவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ரிம் துருப்பிடிக்கும், கொசுவும் பெருகும். போர்ட்டிக்சனுக்கோ மோரிப்புக்கோ போய்வந்தால் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். பிடித்திருக்கும் நட்டுகளை ஆண்டுக்கு இருமுறையாவது கழற்றி மாட்டுங்கள்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஓடாத டயரும் நம் வெயிலில் முதுமையடையும். பூக்கள் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் இருந்தால் அதை நம்பி நெடுஞ்சாலையில் ஏறவேண்டாம்.

சாலையில் நின்றுவிட்டால்

டயரைவிட உயிர் பெரிது. முடிந்தால் மெதுவாக அடுத்த வெளியேறும் பாதை அல்லது ஓய்விடம் வரை போய்விடுங்கள். ரிம் கெட்டாலும் பரவாயில்லை. அவசரத் தடத்தில் நின்றால் எச்சரிக்கை விளக்கைப் போட்டு, எல்லாரும் போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்கி, தடுப்பு வேலிக்குப் பின்னால் நிற்கவேண்டும். வாகனங்கள் பாயும் வலப்பக்க டயர் என்றால் நீங்களே மாற்ற முயலாதீர்கள். பிளஸ் நெடுஞ்சாலையில் என்றால் 1800-88-0000 என்ற எண்ணில் அழைத்துப் பிளஸ்ரோண்டா உதவியைக் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

பாதுகாப்பான இடம் என்றால் கைப்பிரேக் போட்டு, கியரிலோ 'பி' நிலையிலோ நிறுத்தி, குறுக்கு எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே சற்றுத் தளர்த்திவிடுங்கள். ஜாக்கி மட்டுமே தாங்கும் காரின் அடியில் எந்தக் காரணத்துக்காகவும் உடலை நுழைக்கக்கூடாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

தொழிற்சாலை அளவு டயரோடு நகரில் ஓடும் காருக்குப் பின்கதவே போதும். கீலை மட்டும் கவனியுங்கள். பெரிய டயரோடு காட்டுக்குப் போகிறவர்களுக்குத் தனிக் கை. கதவில் வைக்க வழியே இல்லாத கார் என்றால் பூட்டுக்குள், இறுக்கிக் கட்டி வையுங்கள். கூரையைத் தவிருங்கள்.

இறுதியாக ஒரு பயிற்சி. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்கு முன்னால் சமதரையில், ஸ்பேர் டயரைக் கழற்றி இறக்கி மீண்டும் மாட்டிப் பாருங்கள். காரை ஓட்டும் மனைவி, மகள், மகன் எல்லாரும் ஒருமுறை செய்யட்டும். டயர் கடையில் இயந்திரத்தால் இறுக்கிய நட்டைக் கையால் திருப்ப முடியவில்லை என்பது அன்றே தெரிந்துவிடும். அப்படியானால் நீளமான கைப்பிடியுள்ள ஸ்பேனர் ஒன்று வாங்கி ஜாக்கிப் பையில் போட்டுவிடலாம். அதை இருட்டில், மழையில், நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று தெரிந்துகொள்ளும் நிலை நம் வீட்டார் யாருக்கும் வரவேண்டாம்.