கலிபோர்னியா செஃபிர்

கலிபோர்னியா செஃபிர் என்பது ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரையும், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் அமைந்துள்ள எமரிவில் நகரையும் இணைக்கும் நெடுந்தொலைவுப் பயணிகள் தொடர்வண்டி ஆகும். இதனை ஆம்ட்ராக் நிறுவனம் இயக்குகின்றது. ஏறத்தாழ 3,924 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வழியைக் கடக்க, இரண்டு இரவுகள் உட்பட, 50 மணி நேரத்துக்கும் மேலாகின்றது. இல்லினாய், அயோவா, நெப்ராஸ்கா, கொலராடோ, யூட்டா, நெவாடா, கலிபோர்னியா ஆகிய ஏழு மாநிலங்களின் ஊடாக இது செல்கின்றது. குளிர்காலத்தில் பனி மூடிய ராக்கி மலைகளையும் சியேரா நெவாடா மலைகளையும் காண்பதற்காகவே பலர் இதில் பயணம் செய்கின்றனர். அதே பனி, இப்பாதையை அமைத்தோருக்கும் இயக்குவோருக்கும் பெரும் இடராக இருந்து வந்துள்ளது.

பெயர்

கிரேக்கத் தொன்மங்களில் மேற்குக் காற்றின் கடவுள் செஃபிரசு எனப்படுகின்றார். பர்லிங்டன் தொடர்வண்டி நிறுவனம் 1934 இல் அறிமுகம் செய்த பயோனியர் செஃபிர் என்னும் வண்டிக்கு இப்பெயர் வைக்கப்பட்டது. பின்னர் அந்நிறுவனத்தின் வேறு பல வண்டிகளும் செஃபிர் என்றே பெயரிடப்பட்டன.

வரலாறு

முதலாவது கலிபோர்னியா செஃபிர் 1949 மார்ச் 20 அன்று ஓடத் தொடங்கியது. பர்லிங்டன், ரியோ கிராண்டே, வெஸ்டர்ன் பசிபிக் ஆகிய மூன்று நிறுவனங்கள் இணைந்து இதனை இயக்கின. மலைக்காட்சிகளைக் காண்பதற்கென, கண்ணாடிக் குவிமாடம் கொண்ட பெட்டிகள் இதில் இணைக்கப்பட்டிருந்தன. வானூர்திகளும் நெடுஞ்சாலைகளும் பெருகியதால் பயணிகள் குறைந்தனர். 1970 மார்ச் மாதத்தில் இச்சேவை நிறுத்தப்பட்டது.

1983 இல் ஆம்ட்ராக் இப்பெயரை மீண்டும் பயன்படுத்தத் திட்டமிட்டது. ஆனால் அவ்வாண்டு ஏப்ரலில் யூட்டா மாநிலத்தின் திசில் என்னும் ஊரில் பெரும் நிலச்சரிவு ஏற்பட்டு, இருப்புப்பாதை மூடப்பட்டது. இதனால் புதிய சேவை சூலை 16 அன்றே தொடங்கியது. பழைய வண்டி கலிபோர்னியாவில் ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே சென்றது. இன்றைய வண்டி டானர் கணவாய் வழியாகச் செல்கின்றது.

ராக்கி மலைகள்

மேற்கு நோக்கிச் செல்லும் வண்டி இரண்டாம் நாள் காலையில் டென்வர் நகரிலிருந்து மலையேறத் தொடங்குகின்றது. ஏற்றத்தின் தொடக்கத்தில் உள்ள பெரிய வளைவொன்றில் மணல் நிரப்பிய பழைய சரக்குப் பெட்டிகள் வரிசையாக நிறுத்தப்பட்டுள்ளன. மலையிலிருந்து வீசும் கடுங்காற்று வண்டிகளைக் கவிழ்த்துவிடாதபடி இவை தடுப்புச் சுவராகப் பயன்படுகின்றன.

அதன்பின் வரும் பல சிறிய சுரங்கப்பாதைகளைக் கடந்து வண்டி மொஃபாட் சுரங்கப்பாதையை அடைகின்றது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள இது 1928 இல் திறக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து 2,816 மீட்டர் உயரத்தில் அமைந்த இதன் உச்சிப்பகுதியே ஆம்ட்ராக் வண்டிகள் எட்டும் மிக உயர்ந்த இடமாகும். இதற்கு முன்னர் 3,500 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள ராலின்ஸ் கணவாய் வழியாகப் பாதை சென்றது. பனிப்புயல்களால் வண்டிகள் அங்கே நாட்கணக்கில் சிக்கிக்கொள்வது வழக்கமாக இருந்தது. அப்பாதையை அமைத்த டேவிட் மொஃபாட், சுரங்கப்பாதை வேண்டும் என்று முயன்றபோதிலும் அது நிறைவேறுமுன் 1911 இல் காலமானார்.

இச்சுரங்கப்பாதை கண்டத்தின் நீர்ப்பிரிமேட்டுக்குக் கீழே செல்கின்றது. மலையின் கிழக்கில் விழும் பனி உருகி அட்லாண்டிக் பெருங்கடல் நோக்கியும், மேற்கில் விழும் பனி பசிபிக் பெருங்கடல் நோக்கியும் ஓடுகின்றது. மேற்கு வாயிலை ஒட்டி விண்டர் பார்க் பனிச்சறுக்குத் தலம் உள்ளது. அதன்பின் வண்டி நெடுந்தொலைவு கொலராடோ ஆற்றின் கரையோரமாகச் செல்கின்றது.

சியேரா நெவாடா

மூன்றாம் நாள் காலையில் வண்டி ரீனோ நகரைக் கடந்து சியேரா நெவாடா மலைகளில் ஏறுகின்றது. பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலைகளில் மோதி மேலெழுந்து குளிர்வதால் இங்கு மிகுதியான பனி பொழிகின்றது.

இப்பகுதியின் முதல் இருப்புப்பாதையை சென்ட்ரல் பசிபிக் நிறுவனம் 1860களில் அமைத்தது. தொழிலாளருள் பெரும்பான்மையினர் சீனர்கள். 506 மீட்டர் நீளமுள்ள உச்சிச் சுரங்கப்பாதையைக் கருங்கல் பாறையில் குடைந்தபோது, ஒரு முகப்பில் நாளொன்றுக்கு ஓரடி முதல் இரண்டடி வரையே முன்னேற முடிந்தது. 1866-67 குளிர்காலத்தில் 44 பனிப்புயல்கள் வீசின. தொழிலாளர்கள் பனிக்குள் வழி குடைந்து, அதற்குள்ளேயே வேலைக்குச் சென்று வந்தனர். பனிச்சரிவுகளில் சிக்கிப் பலர் மாண்டனர். இறந்த சீனர்களின் எண்ணிக்கைக்கு முழுமையான பதிவுகள் வைக்கப்படவில்லை. 1867 சூனில் அவர்கள் கூடுதல் ஊதியமும் குறைந்த வேலை நேரமும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். நிறுவனம் உணவு வழங்கலை நிறுத்தியதால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது முடிவுக்கு வந்தது.

1925 இல் 3 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடைய புதிய சுரங்கப்பாதை அருகில் திறக்கப்பட்டது. கலிபோர்னியா செஃபிர் இதன் வழியாகவே செல்கின்றது. பழைய உச்சிச் சுரங்கப்பாதை 1993 இல் கைவிடப்பட்டது.

1952 ஆம் ஆண்டுப் பனிச்சிறை

1952 சனவரி 13 அன்று, இப்பாதையில் மேற்கு நோக்கிச் சென்ற சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ என்னும் வேறொரு தொடர்வண்டி யூபா கேப் அருகே பனியில் புதைந்து நின்றது. அதில் 196 பயணிகளும் 30 பணியாளர்களும் இருந்தனர். எரிபொருள் தீர்ந்ததால் பெட்டிகளைச் சூடாக்க இயலவில்லை, உணவும் குறைந்தது. மீட்கச் சென்ற பனி அகற்றும் பொறிகளும் பனியில் சிக்கின. மூன்று நாட்களுக்குப் பின்னர், சனவரி 16 அன்று, அருகிலிருந்த நெடுஞ்சாலை திறக்கப்பட்டு அனைவரும் வெளியேற்றப்பட்டனர். பயணிகள் எல்லோரும் உயிர் பிழைத்தபோதிலும், மீட்புப் பணியில் உயிரிழப்பு நேர்ந்தது.

பனி அகற்றும் முறைகள்

பனிச்சரிவு மிகுந்த இடங்களில் பாதையின்மீது கூரையிட்ட காப்புக் கொட்டகைகள் கட்டப்பட்டன. தொடக்கத்தில் மரத்தாலானவையாக இருந்ததால் இவை அடிக்கடி தீப்பற்றின. பிற்காலத்தில் கற்காரைக் கொட்டகைகளும் அமைக்கப்பட்டன.

தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள பனியை ஒருவகைப் பொறி சுரண்டி எடுக்கின்றது. இறக்கைகள் கொண்ட மற்றொரு பொறி அதனைப் பக்கவாட்டில் தள்ளுகின்றது. ஒதுக்க இடமில்லாதபடி பனி சுவர்போல் உயர்ந்துவிட்டால், பெரிய சுழல்சக்கரத்தால் பனியை வெட்டித் தொலைவில் வீசும் பொறி பயன்படுத்தப்படுகின்றது. கடும் புயல்களின்போது சேவை தாமதமாவதும் இரத்து செய்யப்படுவதும் உண்டு.

குளிர்காலப் பயணம்

இவ்வண்டியில் ஈரடுக்குப் பெட்டிகள் உள்ளன. கூரை வரை வளைந்த சாளரங்கள் கொண்ட காட்சிப் பெட்டி எல்லாப் பயணிகளுக்கும் பொதுவானது. மொஃபாட் சுரங்கப்பாதையில் செல்லும்போது, இயந்திரப் புகை உள்ளே வராதிருக்க, பெட்டி விட்டுப் பெட்டி செல்ல வேண்டாம் எனப் பயணிகள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். கால அட்டவணை, இரு மலைத்தொடர்களையும் பெரும்பாலும் பகலில் கடக்குமாறு அமைந்துள்ளது. எனினும் குளிர்காலத்தில் பகற்பொழுது குறைவு என்பதால், கிழக்கு நோக்கிச் செல்லும் வண்டி டென்வரை அடையுமுன்னரே இருட்டிவிடுகின்றது. மேற்கு நோக்கிய பயணத்தில் ராக்கி மலைப்பகுதி காலையிலும் நண்பகலிலும் வருவதால் அதனை நன்கு காணலாம்.